ஆய்வுக்கூடம் முதல் தலைப்புச் செய்தி வரை

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சீ என்னும் துறைமுக நகரம் உள்ளது. 2012 நவம்பரில் அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் தட்டம்மை பரவத் தொடங்கியது. 2013 ஜூலையில் நோய் ஓய்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டபோது, நோய் கண்டவர்களாகப் பதிவானோர் 1,200 பேருக்கும் மேல். எண்பதுக்கும் அதிகமானோர் மருத்துவமனையை நாட நேர்ந்தது. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். செல்வமும் மருத்துவ வசதியும் மிக்க, தடுப்பூசியை இலவசமாகவே அளிக்கும் ஒரு நாட்டில் இது எவ்வாறு நேர்ந்தது?

விடை அந்நோயாளிகளின் வயதில் இருந்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்டோர் பத்து முதல் பதினெட்டு வயது வரையிலான சிறார். அவர்கள் கைக்குழந்தைகளாகவும் சிறு பிள்ளைகளாகவும் இருந்த நாட்களில், தடுப்பூசியைப் பற்றிய அச்சச் செய்திகளைப் படித்த பெற்றோர் பலர் ஊசி போடாமல் இருந்துவிட்டனர். அச்செய்திகளை எழுதியவர்கள் வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டார்கள், படித்தவர்களும் மறந்திருப்பார்கள். ஆனால் அவற்றின் விளைவு பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து வெளிப்பட்டது.

மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் பொதுமக்களை எவ்வழியாக அடைகின்றன, அவ்வழியில் எங்கெங்கே சிதைகின்றன என்பதை ஆராய இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை எனலாம். இதுபற்றி அறிவியலாளரைக் கேட்டால் குற்றம் பத்திரிகையாளருடையது என்பார்கள். பத்திரிகையாளரைக் கேட்டால், அறிவியலாளர்களுக்கு மக்கள் மொழியில் பேசத் தெரியவில்லை என்பார்கள். இரு தரப்பாரும் ஒருமித்துச் சொல்வது ஒன்று உண்டு: மக்களுக்கு அறிவியல் அறிவு போதாது. இம்மூன்று கூற்றுகளுமே முழு உண்மை அல்ல என்பதே நம் கருத்து.

ஒரு செய்தியை ஏற்கும் முன் அது யார் யார் வாயிலாக வந்தது என்பதை வரிசையாக ஆராயும் முறை இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து, அவரது நேர்மையையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். வரிசையில் ஓரிடம் பலவீனமானாலும் செய்தி முழுவதும் பலவீனமாகிவிடும் என்று கொண்டார்கள். மருத்துவச் செய்திக்கும் இத்தகைய வரிசை உண்டு: ஆய்வாளர், அவரது நிறுவனம், பத்திரிகையாளர், அரசு, இறுதியில் வாசகர். இவர்களை நாம் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வோம்.

ஆய்வாளர்

1998 பிப்ரவரி 28ஆம் நாள் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடன் பன்னிருவரும் அதனை எழுதியிருந்தனர். ஆராயப்பட்டோர் பன்னிரண்டே குழந்தைகள். குடல் நோயும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடும் அவர்களிடம் காணப்பட்டதாகவும், அவர்களுள் எட்டுப் பேரின் பெற்றோர் அல்லது மருத்துவர் அக்குறைபாட்டை தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியுடன் தொடர்புபடுத்தியதாகவும் கட்டுரை கூறியது.

இதன் வலிமை எவ்வளவு என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்கலாம். அந்நாளில் பிரிட்டனில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அவ்வூசி போடப்பட்டது. எனவே எந்த நோயுடைய குழந்தைகளை எடுத்துக்கொண்டாலும் அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்களாகவே இருப்பர். மேலும், முதல் ஊசி போடப்படுவது ஒரு வயதை ஒட்டி. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் அதையடுத்த மாதங்களில்தான். ஆகவே ஒன்றன் பின் ஒன்று வருவது பல குடும்பங்களில் தற்செயலாகவே நிகழும். அது தற்செயலா, காரணமா என்று அறிய, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட வேண்டும். அக்கட்டுரையில் அத்தகைய ஒப்பீடே இல்லை. இதனை உணர்ந்துதான் போலும், தடுப்பூசிக்கும் நோய்க்குமான தொடர்பைத் தாங்கள் நிறுவவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. அதே இதழில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதன் குறைகளைச் சுட்டி ஒரு கருத்துரையும் எழுதியிருந்தனர்.

அதாவது, அச்சில் இருந்தது அளவான ஐயம் மட்டுமே. ஆனால் கட்டுரை வெளிவருவதற்கு இரு நாட்கள் முன்பு, பிப்ரவரி 26இல், மருத்துவமனை செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. அங்கே வேக்ஃபீல்டு கட்டுரையில் இல்லாததைச் சொன்னார்: கூட்டுத் தடுப்பூசியை நிறுத்திவைத்து, மூன்றையும் தனித்தனி ஊசிகளாகப் போட வேண்டும் என்றார். தடுப்பூசித் திட்டம் தொடர வேண்டும் என்பதே அக்கூட்டத்தில் இருந்த மருத்துவக் கல்லூரித் தலைவரின் நிலைப்பாடு. எனினும் மறுநாள் செய்தியில் எது நின்றிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆய்விதழில் எழுதும்போது ஒரு நாவும், ஒலிவாங்கியின் முன் பேசும்போது வேறொரு நாவும் கொண்டிருப்பதே ஆய்வாளர் தரப்பின் முதற் குற்றம்.

நிறுவனம்

வேக்ஃபீல்டு ஒரு விதிவிலக்கு, பின்னாளில் மோசடி என்று அம்பலப்பட்டவர், அவரைக் கொண்டு எல்லாரையும் அளக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆகவே நேர்மையான ஆய்வுகளின் நிலையைப் பார்ப்போம்.

2014 டிசம்பரில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ராக் சம்னர் குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரிட்டனின் இருபது முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011ஆம் ஆண்டில் மருத்துவம், உடல்நலம் தொடர்பாக வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மூலமான ஆய்வுக்கட்டுரைகளோடும், அவற்றிலிருந்து எழுந்த 668 பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டனர். செய்திக்குறிப்புகளில் 40 விழுக்காடு, ஆய்வில் உள்ளதைவிட மிகைப்படுத்திய அறிவுரையை வாசகருக்கு வழங்கின. 33 விழுக்காடு, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டுமே காட்டிய ஆய்வை, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதாக மாற்றிச் சொல்லின. விலங்குகளில் கண்ட முடிவை மனிதருக்குப் பொருத்திக் கூறியவை 36 விழுக்காடு.

இதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. செய்திக்குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால் பத்திரிகைச் செய்தியும் பெரும்பாலும் மிகைப்படுத்தியது: அம்மூன்று வகைகளிலும் முறையே 58, 81, 86 விழுக்காடு. செய்திக்குறிப்பு நேர்மையாக இருந்த இடங்களில் அவ்வளவு 17, 18, 10 விழுக்காடாகக் குறைந்தது. பத்திரிகையாளர் உண்மையைத் திரித்துவிடுகிறார் என்று பல்கலைக்கழகங்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம் முழுவதும், திரிபின் பெரும்பகுதி அவற்றின் சொந்த வாயிலிலிருந்தே புறப்பட்டிருக்கிறது. அக்குறிப்புகள் பல, ஆய்வாளரின் பார்வைக்குச் சென்று அவர் ஒப்புதலோடு வெளிவருபவை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிதியையும் புகழையும் நாடி நிறுவனங்கள் இவ்வாறு செய்கின்றன. இல்லாவிட்டால் எந்தப் பத்திரிகையும் திரும்பிப் பார்க்காது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. அச்சமாதானத்துக்கும் இடமில்லை. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குப் பத்திரிகையில் கூடுதல் இடம் கிடைத்ததற்குப் போதிய சான்று இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

பத்திரிகையாளர்

இதனால் பத்திரிகையாளர் தப்பிவிட முடியாது. ஸ்வான்சீக்கே திரும்புவோம். வேக்ஃபீல்டின் கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 1997இலேயே, அப்பகுதியின் சவுத் வேல்ஸ் ஈவினிங் போஸ்ட் நாளிதழ் கூட்டுத் தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோரின் அச்சங்களைத் தொடர்ந்து பெரிதாக வெளியிட்டது. 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவை அளந்தது. அந்நாளிதழ் விற்பனையாகும் பகுதியில் தடுப்பூசி போடுவோர் அளவு 13.6 விழுக்காடு வீழ்ந்தது; வேல்ஸின் பிற பகுதிகளில் வீழ்ச்சி 2.4 விழுக்காடு மட்டுமே. அச்சத்தின் எல்லை நாளிதழின் விநியோக எல்லையோடு ஒத்துப்போயிற்று. இங்கிலாந்து முழுவதிலும் இரண்டு வயதுக் குழந்தைகளில் ஊசி போட்டோர் 1990களின் நடுவில் 92 விழுக்காடாக இருந்தது, 2003–04இல் 80 விழுக்காடாயிற்று.

அப்பத்திரிகைகள் பொய் எழுதின என்று நாம் கூறவில்லை. பெரும்பாலானவை 'நடுநிலை' காத்தன, அங்குதான் சிக்கல். ஒரு தாயின் கண்ணீருக்கு ஒரு பத்தி, ஒரு மருத்துவரின் மறுப்புக்கு ஒரு பத்தி என்று தராசைச் சமப்படுத்தினார்கள். ஒரு தட்டில் பன்னிரண்டு குழந்தைகள். மறு தட்டிலோ, 2002 நவம்பரில் டென்மார்க்கிலிருந்து வெளியான ஆய்வு மட்டுமே 5,37,303 குழந்தைகளைக் கொண்டது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று அது காட்டிற்று. இரு தட்டுகளுக்கும் ஒரே அளவு இடம் தருவது நடுநிலையாகாது. அக்காலத்துச் செய்திகளை ஆராய்ந்த கார்டிஃப் ஆய்வாளர்கள் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டனர். இரு தரப்புக்கும் ஊடகங்கள் சம இடம் தருவதால் இரு தரப்புக்கும் சம அளவு ஆதாரம் இருக்க வேண்டும் என்று பாதிக்கும் மேற்பட்டோர் கருதினர். பெருவாரியான ஆதாரம் தடுப்பூசியின் பக்கமே உள்ளது என்று அறிந்திருந்தோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான்.

மேலும் ஒன்று. 2001 டிசம்பரில் பிரதமர் டோனி பிளேரின் கைக்குழந்தைக்கு அவ்வூசி போடப்பட்டதா என்ற வினா எழுந்தது. அது குடும்ப விஷயம் என்று அவர் பதிலளிக்க மறுத்தார். அதன் பின் இச்செய்தி அறிவியல் செய்தியாளர் கையை விட்டு அரசியல் எழுத்தாளர் கைக்கு மாறியது. ஆதாரம் என்ன என்ற கேள்வி மறைந்து, பிரதமர் எதை மறைக்கிறார் என்ற கேள்வியே எஞ்சியது.

ஆயினும் ஒன்றை நன்றியோடு பதிவுசெய்ய வேண்டும். இம்மோசடியை வெளிக்கொணர்ந்தது லான்செட் அன்று, மருத்துவமனையும் அன்று. சண்டே டைம்ஸ் இதழில் எழுதிய பிரையன் டியர் என்னும் பத்திரிகையாளரே. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர்கள் வாயிலாக வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததை 2004 பிப்ரவரியில் அவர் வெளியிட்டார். அத்தொகை 4 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. 2004 மார்ச்சில் கட்டுரையாசிரியர் பதின்மர் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டனர். ஆனால் லான்செட் அக்கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில்தான். அவ்வாண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பிழை உலகைச் சுற்றிவர ஒரு நாள் போதுமாயிருந்தது. அதைத் திருத்தப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அரசு

மக்கள் ஏன் நம்பினார்கள்? அறியாமையாலா? அக்காலத்தில் தயங்கிய பெற்றோருள் கற்றவர்களும் ஏராளம். வேறு காரணம் தேட வேண்டும்.

1990 மே மாதம், பசுக்களிடையே மூளை நோய் பரவிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தம் நான்கு வயது மகளுடன் புகைப்படக் கருவிகளின் முன் தோன்றி, மாட்டிறைச்சி பாதுகாப்பானதே என்று காட்ட அவளுக்கு இறைச்சி ரொட்டியை ஊட்ட முயன்றார். 1996 மார்ச் 20ஆம் நாள், அந்நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக் கூடும் என்று அதே கட்சியின் அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பிரிட்டனில் அதனால் இறந்தோர் 170 பேருக்கும் மேல். ஈராண்டுகளில் அதே அரசு இயந்திரம் தடுப்பூசி முற்றிலும் பாதுகாப்பானது என்றபோது, கூற்று உண்மையாக இருந்தும் கூறியவர் நம்பகத்தன்மையை இழந்திருந்தார். அறியாத ஒன்றை அறிந்ததுபோல் உறுதி கூறுபவர், பிற்பாடு உண்மையாகவே அறிந்ததைக் கூறும்போதும் நம்பப்படமாட்டார்.

உறுதி கூறுவதில் மட்டுமன்றி, எச்சரிப்பதிலும் பிழை நேரலாம். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால் இரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் இரு மடங்காகிறது என்று மருத்துவர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பியது. செய்தி உடனே ஊடகங்களை நிறைத்தது. இரு மடங்கு என்றால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு? பழைய மாத்திரையை உட்கொள்ளும் 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்வது, புதியதில் இருவருக்கு நேரும். அவ்வளவே. ஆனால் இந்த 7,000 என்னும் எண் மக்களைச் சென்றடையவில்லை. 'இரு மடங்கு' மட்டும் சென்றடைந்தது. அஞ்சிய பெண்கள் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கருவுறுதலே அம்மாத்திரையைவிட அதிக இரத்தக்கட்டு அபாயம் உடையது என்பதை எண்ணும்போது, அவ்வெச்சரிக்கை எதிலிருந்து எவரைக் காத்தது என்ற வினா எழுகிறது. இங்கு எவரும் பொய் சொல்லவில்லை. பாதி எண்ணை மட்டும் சொன்னார்கள்.

வேறு வழி உண்டா?

உண்டு. அதே இரத்தக்கட்டைப் பற்றி, அதே நாட்டில், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை ஒப்பிடலாம். 2021 ஏப்ரல் 7ஆம் நாள், அஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசியால் அரிதான ஒருவகை இரத்தக்கட்டு ஏற்படக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு வெளிப்படையாக அறிவித்தது. 2 கோடி ஊசிகளில் 79 பேருக்கு அவ்வாறு நேர்ந்து 19 பேர் இறந்தனர் என்று கூறியது. அதோடு நில்லாமல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விண்டன் மையத்தினர் வரைந்த விளக்கப்படங்களையும் மக்கள் முன் வைத்தது. நோய்ப்பரவல் குறைவாக உள்ள நிலையில், இருபது முதல் இருபத்தொன்பது வயதினரில் லட்சம் பேருக்கு ஊசியால் 1.1 பேருக்குத் தீங்கு. தீவிர சிகிச்சையிலிருந்து காக்கப்படுவோர் 0.8 பேர். அறுபதுகளில் உள்ளோரில் தீங்கு 0.2, காக்கப்படுவோர் 14.1. ஆகவே முப்பது வயதுக்குட்பட்டோருக்கு மாற்று ஊசி, மூத்தோருக்கு இதுவே என்று முடிவு கூறப்பட்டது.

இங்கு அபாயம் மறைக்கப்படவில்லை, பெருக்கப்படவும் இல்லை. எத்தனை பேரில் எத்தனை என்பது சொல்லப்பட்டது. செய்வதன் தீங்கும் செய்யாமல் விடுவதன் தீங்கும் அருகருகே வைக்கப்பட்டன. முடிவின் காரணம் மக்களுக்கு விளங்கியது. அந்நாட்டு மக்கள் தடுப்பூசியை விட்டு ஓடிவிடவில்லை. பெரும்பான்மையோர் தொடர்ந்து போட்டுக்கொண்டனர். முழுக் கணக்கையும் கேட்டால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று எண்ணி மறைப்போருக்கு இது தக்க மறுமொழியாகும்.

சிலர் முன்வைக்கும் மற்றொரு தீர்வையும் இங்குக் கருதவேண்டும். பத்திரிகையாளருக்கும் அறிவியலாளருக்கும் இடையே பாலமாக 2002இல் லண்டனில் அறிவியல் ஊடக மையம் ஒன்று தொடங்கப்பட்டது. தக்க வல்லுநரைத் தக்க நேரத்தில் செய்தியாளருக்குக் கிடைக்கச் செய்வது நற்பணியே. எனினும், வல்லுநர் தருவதை வாங்கி எழுதுவதோடு பத்திரிகையாளர் பணி முடிந்துவிடுமானால், அடுத்த வேக்ஃபீல்டின் வங்கிக் கணக்கை விசாரிப்பவர் யார்? மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கும் பத்திரிகையாளர் பாதிப் பணியே செய்கிறார். ஐயுறுவதும் வினவுவதும் மறு பாதி.

வாசகர்

வரிசையின் கடைசியில் நாம் இருக்கிறோம். நமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியாக வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினர். பிப்ரவரியில் முடியவேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. அவ்வதந்திகளை ஒருவருக்கொருவர் அனுப்பியவர்கள் தீயவர்கள் அல்லர், பிள்ளைகள்மீது அன்புடையவர்களே. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இவ்வரிசையில் ஓர் அறிவிப்பாளர்தாம். பத்திரிகையாசிரியருக்கு உரிய பொறுப்பு நமக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்பொறுப்பை நிறைவேற்ற மருத்துவம் கற்றிருக்கத் தேவையில்லை. ஒரு மருத்துவச் செய்தி கைக்கு வரும்போது சில வினாக்களை எழுப்பினால் போதும். ஆராயப்பட்டோர் எத்தனை பேர், மனிதரா விலங்குகளா? ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு இருந்ததா? இரு மடங்கு, பாதி என்பன எத்தனையிலிருந்து எத்தனைக்கு? ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்? இச்செய்தியைப் பின்பற்றாமல் விட்டால் என்ன தீங்கு, பின்பற்றினால் என்ன தீங்கு? இவற்றுக்கு விடை தராத செய்தியை, அது நமக்கு உவப்பானதாயினும், பிறருக்குச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஸ்வான்சீ சிறாரின் பெற்றோர் இவ்வினாக்களைக் கேட்டிருக்கக் கூடும். விடைகள் அவர்கள் படித்த பக்கத்தில் இல்லை. ஆய்வாளர் எழுதியதைவிட அதிகம் பேசினார். பத்திரிகை பன்னிரண்டையும் ஐந்து லட்சத்தையும் சமமாக வைத்தது. அரசு முன்பே தன் சொல்லின் மதிப்பைச் செலவழித்திருந்தது. அவர்களை அறியாதவர்கள் என்று குறை கூறுவதற்கு முன், அறிந்தவர்கள் அவர்களுக்கு எதைச் சொன்னார்கள் என்று கேட்பதே முறை.